நடுவில் ஆள் வேண்டாம்

தம்பி,

நீ எழுதியது வந்து சேர்ந்தது. ஆபீசில் லீவு கேட்டிருக்கிறாய். மதராசிலிருந்து நேரே சிதம்பரம் போய், உன் மாமா வீட்டில் இருக்கிற அம்மாவைப் பார்த்து, நாலு நல்ல வார்த்தை சொல்லி, கையோடு கடலூருக்குக் கூட்டி வந்துவிடப் போவதாகத் திட்டம். தை மாதம் உன் கல்யாணம். மணவறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நிற்காவிட்டால் பண்ருட்டிச் சம்பந்திகள் என்ன நினைப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறாய். உன் கவலையில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்காக லீவு போடாதே. இதை ஒரு வரியில் எழுதி நிறுத்தினால் 'அப்பாவுக்குக் கோபம்' என்று முடிவு கட்டிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் நீளமாக எழுதுகிறேன். எனக்கும் இங்கே சாயங்காலத்தில் பேச ஆள் கிடையாது. முழுக்கப் படி. பாதியிலேயே பேனாவை எடுத்துக்கொண்டு பதில் எழுத உட்காராதே.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். வீட்டுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது. அம்மா ஆவணியில் உன் மாமிக்குப் பிரசவம் என்று போனாள். குழந்தை பிறந்து, தொட்டில் போட்டு, பேரும் வைத்து, ஐப்பசி மழையும் கொட்டி ஓய்ந்துவிட்டது. அவள் வரவில்லை. நான் காலையில் மண்டிக்குப் போகிறேன். பகலில் துறைமுகத்துப் பக்கம் இருக்கிற கிளப்புக் கடையில் சாப்பாடு. அவர்கள் ஊற்றுவதைச் சாம்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரிக்குப் பாலும் பழமும் போதும் என்று விட்டுவிட்டேன். ஒருத்தனுக்காக விளக்கு ஏற்றுவானேன் என்று சில நாள் இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உப்பனாற்றில் படகுக்காரர்கள் ஒருத்தரையொருத்தர் கூப்பிட்டுக்கொள்வது காதில் விழும். எல்லோரும் யாரையோ கூப்பிடுகிறார்கள். என்னைக் கூப்பிட யாரும் இல்லை. இந்த வயதில் இதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இருப்பது அதுதான்.

ஊர் என்ன பேசிக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியும். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்கிறார்கள். சண்டை போட்டிருந்தால் தேவலை. சண்டை போடுவதற்கும் இரண்டு பேர் நேருக்கு நேர் பேச வேண்டாமா? எங்களுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. நீயே யோசித்துப் பார், நானும் உன் அம்மாவும் முகம் பார்த்துப் பேசி நீ கண்டதுண்டா? நான் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் வீட்டில் உன் தாத்தாவும் பெரியப்பாவும் இருந்தார்கள். பெரியவர்கள் காதில் விழும்படி மருமகள் புருஷனிடம் பேசக்கூடாது. நானும் அவளைக் கூப்பிடக்கூடாது. உன் பெரியம்மா இருந்தாள், அவள் வழியாக இரண்டு சேதி வரும். அப்புறம் நீ பிறந்தாய். பேச்சு வந்த நாள் முதல் நீதான் எங்களுக்கு நடு ஆள். "அப்பாகிட்ட சொல்லு, எண்ணெ தீந்துபோச்சு." "அம்மாகிட்ட சொல்லு, சாயங்காலம் ரெண்டு பேரு சாப்பிட வராங்க." நான் கூடத்தில் இருப்பேன், அவள் அடுக்களை வாசற்படியில் நிற்பாள். அவள் சொல்வது என் காதிலும் விழும். இருந்தாலும் நீ வந்து சொல்லும் வரைக்கும் நான் கேட்காத மாதிரிதான் உட்கார்ந்திருப்பேன். அதை மரியாதை என்று நினைத்தோம். தாத்தா காலமானார், பெரியப்பா குடும்பத்தோடு விருத்தாசலம் போய்விட்டார். மரியாதை காட்ட வேண்டிய ஆளே வீட்டில் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

நீ வேலை கிடைத்து மதராஸ் போனதும்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. ரயிலடியில் உன்னை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். அவளுக்கு என்னிடம் என்னவோ சொல்ல வேண்டும். சுற்றுமுற்றும் பார்க்கிறாள். கடைசியில் மூலையில் படுத்திருந்த பூனையைப் பார்த்து, "சோறு ஆறிக்கிட்டு கெடக்குது" என்றாள். நானும் பூனையைப் பார்த்தே, "இதோ வரேன்" என்றேன். அந்தப் பூனை பாவம், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. நீ சிரிப்பாய், சிரி. கொஞ்ச நாளைக்கு எனக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போக அவள் பூனையிடம் சொல்வதும் குறைந்துவிட்டது. இலை போட்டிருந்தால் சாப்பாடு, சொம்பில் தண்ணீர் இருந்தால் குடிக்க. அதற்கு மேல் வீட்டில் பேச்சே இல்லை. ஆவணியில் உன் மாமா வந்து அழைத்தபோது, அவள் துணிமணியை எடுத்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தே நான் ஊகித்திருக்க வேண்டும்.

என் தொழிலை வைத்து என்னைக் கேலி செய்ய உனக்கு இடம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் தரகு பேசுகிறவன், வீட்டில் பேச ஒரு தரகன் வேண்டியிருந்தது! மணிலாக்கொட்டை மண்டியில் துண்டுக்கு அடியில் கைகோத்து விலை பேசுவதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறாய். அதில் ஒரு விஷயம் உனக்குச் சொன்னதில்லை. எதிராளி தன் விரலால் பேசி முடிக்கிறவரை நம் விரல் அசையக்கூடாது. அவன் பாதியில் இருக்கும்போதே நாம் ஒரு விரலை அழுத்திவிட்டால், அவன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு நாம் சொன்னதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அவன் மனசில் முதலில் என்ன இருந்தது என்பது அப்புறம் நமக்குத் தெரியவே தெரியாது. புதுத் தரகர்கள் எல்லோரும் இங்கேதான் கோட்டை விடுவார்கள். ஆபீசில் யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுகிறாய் என்று உன் மேலதிகாரி கண்டித்ததாகப் போன கடுதாசியில் பொருமியிருந்தாயே, அவர் உன்னை முட்டாள் என்று சொல்லவில்லை. நீ கெட்டிக்காரன். அடுத்தவன் எங்கே வந்து நிற்கப் போகிறான் என்று உனக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது. அவனை அங்கே வந்து சேர விடு. வழியில் வேறு எங்காவது அவன் திரும்பினாலும் திரும்புவான்.

உலகச் சண்டைக் காலத்தில் கப்பல் வராமல் நின்றுபோனது உனக்கு நினைவிருக்கும். கடலை மூட்டையை வாங்க ஆள் இல்லை. வடலூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் அப்போதும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். விலை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வந்தவர்களை அப்படியே போ என்று சொல்ல மனசு வராமல் மோர் கொடுத்து உட்கார வைப்பேன். ஒருத்தர் தன் எருதைப் பற்றிச் சொல்வார், ஒருத்தர் பட்டாளத்துக்குப் போன பிள்ளையைப் பற்றிச் சொல்வார். என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்பதால் நானும் குறுக்கே பேச மாட்டேன். சொல்லிவிட்டு, "சரிங்க, வரேன்" என்று எழுந்து போகும்போது அவர்கள் முகம் வந்தபோது இருந்த மாதிரி இருக்காது. கப்பல் மறுபடி வந்தபோது அவர்களில் ஒருத்தர்கூட வேறு மண்டிக்குப் போகவில்லை. ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். "நீங்க அன்னைக்குக் கேட்டுக்கிட்டீங்களே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வரும்போதும் அந்தப் பெருமையோடுதான் வந்தேன். வாசற்படியில் நின்றவளை அன்றைக்கும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதை உன்னிடம் சொல்லலாமா கூடாதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் சிதம்பரம் போனேன். ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருந்தது. பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறவனுக்கு என்ன பயம் என்று கேட்காதே. போய் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் மாமா வாசலிலேயே, "வாங்க மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். காபி வந்தது. கூடத்தில் நான் ஒரு பக்கம், அம்மா கதவு ஓரமாக ஒரு பக்கம், நடுவில் உன் மாமா. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாமா, அக்கா என்னா நெனைக்கறாங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீ எழுந்து உள்ள போடா" என்றாள் உன் அம்மா. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து போய்விட்டார். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர். பூனைகூட இல்லை. அவள் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள், "அன்னைக்கு எதுக்குங்க ஜன்னல் வெச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீ சின்னப் பையனாக இருந்தபோது மேற்குச் சுவரை இடித்து வைத்த ஜன்னலைச் சொல்கிறாள். பெரியம்மா விருத்தாசலம் போன வருஷம் அது. தெருவிலேயே அப்படி ஒரு ஜன்னல் யார் வீட்டிலும் இல்லை, தேக்குச் சட்டம், இரும்புக் கம்பி. நான் வீட்டுக்கு வந்ததும் அதைத் திறப்பேன், அடுத்த நிமிஷம் அவள் வந்து சாத்துவாள். எத்தனையோ வருஷமாக அது எனக்கு எரிச்சல். "காத்து பத்தலைன்னு நீதானே சொல்லி அனுப்பினே?" என்றேன். "நான் எங்க காத்து கேட்டேன்?" என்றாள். "பையன் வந்து சொன்னானே, 'அம்மாவுக்கு வீட்டுல காத்து பத்தலையாம்பா'ன்னு. மறுநாளே கொத்தனாரைக் கூட்டியாந்தேன்" என்றேன். அன்றைக்கு உன்னிடம் சொல்லி அனுப்பியதை அவள் அப்படியே சொன்னாள். "அப்பாகிட்ட சொல்லு, அக்கா போனதிலேருந்து இந்த வீட்டுல நான் ஒண்டியா கெடக்கறேன், பேச ஒரு ஆளு இல்ல, கொஞ்ச நாளைக்கு என்னெ சிதம்பரத்துல கொண்டுபோயி விடச் சொல்லு" என்று சொன்னாளாம். அதற்கு மறுநாள் கொத்தனார் வந்து சுவரை இடித்தான். "அதுதான் நீங்க சொன்ன பதில்னு நெனச்சுக்கிட்டேன். போக வேணாம், ஜன்னல் வழியா தெருவைப் பாத்துக்கிட்டு கெடன்னு. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்கல" என்றாள்.

முதலில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அழுதுவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு உன் மனசு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரிகிறது. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடுவேனோ என்று நீ பயந்திருப்பாய். அவளும் அப்படித்தான் சொன்னாள், "பாவம், கொழந்தை, பயந்துட்டான்" என்று. சொல்லப்போனால் மண்டியில் நான் செய்வதைத்தான் நீ வீட்டில் செய்திருக்கிறாய். ஒருத்தர் சூடாகச் சொன்னதை அடுத்தவர் தாங்குகிற மாதிரி ஆற்றிக் கொடுத்தாய். அந்த ஒன்றில் மட்டும் செய்திருப்பாய் என்றும் எனக்குத் தோன்றவில்லை. 'அப்பா உடம்பு எப்படியிருக்குன்னு கேட்டாரு' என்று நீ பல தடவை வந்து சொன்னதாக அவள் சொல்கிறாள். நான் அப்படிக் கேட்டு அனுப்பிய ஞாபகம் எனக்கு இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியதை நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நாங்கள் குடித்தனம் நடத்தியது ஒருத்தரோடு ஒருத்தர் இல்லை, நீ செய்து கொடுத்த இரண்டு நல்ல மனிதர்களோடு. நீ ரயிலேறிப் போனதும் அந்த இரண்டு பேரும் உன்னோடு போய்விட்டார்கள். மிச்சம் இருந்த நாங்கள் ஒருவருக்கொருவர் புது ஆட்களாகிப் போனோம். சின்னப் பிள்ளை தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றியது நாங்கள்தான்.

இன்னொன்றும் யோசித்துப் பார்த்தேன். நீ சொன்னது பொய்தான், இருக்கட்டும். காற்று போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எழுந்து நாலடி நடந்து போய், "எங்க போதல? என்னா பண்ணுது?" என்று நான் அவளைக் கேட்டிருந்தால் அந்தப் பொய் அங்கேயே அவிழ்ந்திருக்கும். எனக்குக் காது கேட்பதைவிடக் கை முந்திக்கொண்டது. ஒரு குறை காதில் விழுந்தால் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட வேண்டும், அப்போதுதான் நான் ஆண்பிள்ளை. உன் பெண்டாட்டி ஒரு குறை சொன்னால் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பாதே. அவள் சொல்லி முடித்த பிறகும் கொஞ்சம் சும்மா இரு. சொல்லாமல் வைத்திருப்பது அப்போதுதான் வரும். அவள் உன்னிடம் எதையும் செய்யச் சொல்லாமலேகூட இருக்கலாம்.

பண்ருட்டியில் பெண் பார்த்த அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் பெரியம்மா அந்தப் பெண்ணிடம், "எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று கேட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டு, "எட்டாவது வரைக்கும்" என்றாய். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இப்பவே பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்றார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்தேன், அவள் வேறு எதையோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது, அப்படியே விழுங்கிக்கொண்டாள். அது என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டியது உன் பாடு. அவள் சார்பில் யாருக்கும் பதில் சொல்லாதே, எனக்கும் சொல்லாதே. நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அவனைத் தெருவில் விளையாட விடு.

அன்றைக்கு ஜன்னல் பேச்சு முடிந்ததும் உன் அம்மா நிறுத்தவில்லை. பகல் சாப்பாட்டுக்கு உன் மாமி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கோயிலில் சாயரட்சை மணி அடிக்கிற வரைக்கும் அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நடுவில் பல இடத்தில் எனக்கு வாய் துடித்தது. 'அது அப்படி இல்லை' என்று சொல்ல எனக்கும் நியாயம் இருந்தது. சொல்லவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது மூட்டை தூக்கியதைவிட அலுப்பாக இருந்தது என்றால் நம்புவாயா? கிளம்பும்போது, "வா, போகலாம்" என்று நான் கூப்பிடவில்லை. அவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழமை வருவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். சாயங்கால வண்டியில் தனியாகத் திரும்பி வருகிறேன். இந்தப் பூட்டைத் திறந்து உள்ளே வருகிற நிமிஷம் இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவள் திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. உன் கல்யாணத்துக்கு அவள் சிதம்பரத்திலிருந்து வருவாள், நான் கடலூரிலிருந்து வருவேன். மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். சம்பந்திகள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

அவள் என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள உனக்குத் துடிக்கும். அதில் ஒரு வார்த்தைகூட உனக்கு எழுத மாட்டேன். அது அவள் எனக்குச் சொன்னது. நல்லதும் பொல்லாததுமாக எல்லாவற்றையும் நானே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் உன்னைக் கேட்கிறேன். பேச்சு வந்த நாளிலிருந்து உன் அம்மா உன்னோடு பேசியதெல்லாம் ஞாபகப்படுத்திப் பார். அதில் பாதிக்குமேல் என்னிடம் சொல்வதற்காகச் சொன்னது. உன்னிடம் சொல்ல அவளுக்கென்று என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. அதைக் கேட்கப் போவதானால் லீவு போடு. நாளைக்கே வேண்டுமானாலும் போ. என் பேச்சை மட்டும் அங்கே எடுக்காதே.

உன்
அப்பா